மலேரியா மாத்திரை: அசலா, போலியா, அரைகுறையா?

வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

சென்ற இதழில் வந்த மலேரியாக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். நோயைப் பற்றிய கேள்விகளைவிட மாத்திரையைப் பற்றிய கேள்விகளே அதிகம். மருந்தாளுநர்களும் மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள். இங்கே வரும் அளவுக் கணக்குகள் அட்டையைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை இவற்றை வைத்து மாற்ற வேண்டாம்.

என் மகனுக்கு வைவாக்ஸ் மலேரியா வந்தது. குளோரோகுயின் கொடுத்தோம், மூன்றே நாளில் சரியானது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் குளிர் காய்ச்சல், ரத்தத்தில் மறுபடியும் வைவாக்ஸ். முதலில் வாங்கிய மாத்திரை போலியாக இருந்திருக்குமா?
*வாசகி, ராயபுரம், சென்னை*

அநேகமாக இல்லை. குளோரோகுயின் தன் வேலையைச் செய்திருக்கிறது. வைவாக்ஸ் ஒட்டுண்ணியில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் போய்த் தூங்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை மட்டுமே அழிக்கும், தூங்குவதைத் தொடாது. அதற்குத்தான் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரையைப் பதினான்கு நாள் எழுதிக்கொடுக்கிறார்கள். நான்காம் நாள் பையன் துள்ளிக் குதிக்க ஆரம்பித்ததும் அந்த அட்டை அலமாரிக்குள் போய்விடும். முதலில் அங்கே தேடிப் பாருங்கள். மீதி மாத்திரை இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மீதியை இப்போது நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இது கூடவே கூடாது.

இரண்டாவது, அட்டையில் எழுதியிருக்கும் எண். ‘குளோரோகுயின் பாஸ்பேட் 250 மி.கி.’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது மருந்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பின் எடை. உள்ளே இருக்கும் குளோரோகுயின் சுமார் 150 மி.கி.தான். மருத்துவர்கள் கணக்கிடுவது இந்த 150-ஐ வைத்து. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு முதல் நாள் 600, இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 300 மி.கி. என்றால் 4, 4, 2 என மொத்தம் 10 மாத்திரை. 250-ஐயே முழு மருந்து என்று எண்ணிக் கணக்குப் போட்டால் நாலுக்குப் பதில் இரண்டரை மாத்திரையில் நின்றுவிடும். மாத்திரை அசல், அளவு குறைவு. பிரைமாகுயினிலும் இதே குழப்பம் உண்டு: 26.3 மி.கி. உப்பு என்றால் மருந்து 15 மி.கி.

மூன்றாவது வாந்தி. விழுங்கிய சிறிது நேரத்திலேயே வாந்தி எடுத்திருந்தால் அந்த வேளை மருந்து கணக்கில் சேராது. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், முழு அளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் ஒட்டுண்ணி குறையவில்லை என்றால், அப்போது மாத்திரையைச் சந்தேகிக்கலாம். மருந்தை எதிர்த்து நிற்கும் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஒரே பேட்ச் மாத்திரை சாப்பிட்ட இரண்டு, மூன்று பேருக்கு இப்படி ஆனால் சந்தேகம் வலுக்கிறது.

கடையில் நிற்கும்போதே அட்டையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியுமா? பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் வரும் கியூஆர் குறியீட்டை நம்பலாமா?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்*

பூதக்கண்ணாடி நல்லதுதான், ஐயா. ஆனால் அதற்கு முன் பில்லைக் கேளுங்கள். பேட்ச் எண் அச்சிட்ட பில் இல்லாமல் பின்னால் எந்தப் புகாரும் நிற்காது. பல கடைகளில் மூன்று மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் மறு மூலையில் கடையிலேயே தங்கிவிடும். மலேரியா மருந்தை முழு அட்டையாக வாங்குங்கள். எப்படியும் முழு அளவு சாப்பிட வேண்டிய மருந்துதானே.

அட்டையில் இருக்க வேண்டியவை: மருந்தின் பொதுப்பெயர், ஒரு மாத்திரையில் எவ்வளவு என்ற அளவு, பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், தயாரிப்பாளரின் முழு முகவரி, உற்பத்தி உரிம எண். வெளியே காகிதப் பெட்டி இருந்தால் அதிலுள்ள பேட்ச் எண்ணும் உள்ளே அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அசல் பெட்டிக்குள் வேறு அட்டையைச் சொருகுவது பழைய தந்திரம். தேதியைப் பாருங்கள்: அட்டையின் மற்ற எழுத்துகள் ஒரு மையிலும் தேதி மட்டும் வேறு மையிலும் இருப்பது தவறல்ல, தேதியைக் கடைசியில்தான் அடிப்பார்கள். ஆனால் நகத்தால் சுரண்டினால் உதிர்வது, அடியில் இன்னொரு தேதியின் நிழல் தெரிவது தவறு. ‘அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அட்டையைக் கடைக்காரர் காசுக்குக் கொடுத்தால் மருந்து நல்லதாகவே இருந்தாலும் அது திருட்டுச் சரக்கு. எங்கே, எந்த வெயிலில் கிடந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மாத்திரையைப் பாருங்கள்: ஓரம் உதிர்ந்திருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, இரண்டு மாத்திரை வேறு வேறு நிறமா, அட்டைக் குழிக்குள் பொடி சேர்ந்திருக்கிறதா. ஆர்ட்டிமீதர்–லூமிஃபான்ட்ரின் என்ற மலேரியாக் கூட்டு மாத்திரை மஞ்சளாக இருக்கும். லூமிஃபான்ட்ரினின் இயல்பான நிறமே அதுதான், பயப்பட வேண்டாம். கசப்பை நம்பாதீர்கள். குளோரோகுயின் நாக்கு சுருளும் அளவுக்குக் கசக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போலி செய்பவருக்கும் தெரியும்.

இன்னொன்று. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தின் மாத்திரையைத் தனியாக யாராவது கொடுத்தால் பூதக்கண்ணாடியே தேவையில்லை. வாய்வழி ஆர்ட்டிசுனேட்டைத் துணை மருந்து இல்லாமல் தனியாக விற்பதற்கு இந்தியாவில் 2009 முதல் தடை இருக்கிறது. இரண்டு மருந்தும் சேர்ந்த பெட்டியாகத்தான் வர வேண்டும்.

கியூஆர் குறியீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். உங்கள் மாத்திரை அந்தப் பட்டியலில் இல்லையென்றால் குறியீடும் இருக்காது, அதனால் அது போலி ஆகிவிடாது. குறியீட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டவும் முடியும். ஸ்கேன் செய்து வரும் பேட்ச் எண்ணை அட்டையில் அச்சான எண்ணோடு ஒப்பிட்டால்தான் ஸ்கேன் செய்ததற்கு அர்த்தம்.

மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, கரைந்தால் நல்லது, கரையாவிட்டால் போலி என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. சரியா?
*கல்லூரி மாணவர், ஈரோடு*

பாதிகூடச் சரியில்லை. பரிசோதனைக்கூடத்தில் இதன் ஒழுங்கான வடிவம் ஒன்று உண்டு. அடியில் கம்பி வலை வைத்த ஆறு கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்கு ஒரு மாத்திரை. 37 டிகிரி வெந்நீரில் அந்தக் கூடை நிமிடத்துக்குச் சுமார் 30 முறை ஏறி இறங்கும். மேலே பூச்சு இல்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள்ளும், மெல்லிய பூச்சு உள்ளது 30 நிமிடத்துக்குள்ளும் உதிர்ந்து வலை வழியாகப் போய்விட வேண்டும். ஆறில் ஒன்று நின்றாலும் இன்னும் மாத்திரைகளை எடுத்து மறுபடி பார்ப்பார்கள். உங்கள் வீட்டு டம்ளரில் வெப்பமும் அசைவும் வேறு. அங்கே தெரிவது ஒன்றே ஒன்று: அரை மணி நேரம் கழித்தும் கல் மாதிரி கிடந்தால் ஏதோ கோளாறு.

ஆனால் உதிர்வது வேறு, கரைவது வேறு. சுண்ணாம்புப் பொடியில் செய்த போலி மாத்திரை தண்ணீரில் அழகாக உதிரும், வீடியோக்காரர் கைதட்டுவார். அசல் மருந்தே மாவாக உதிர்ந்தும் அந்த மாவுத் துகளிலிருந்து மருந்து நீரில் இறங்காமல் இருக்கலாம். சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்ற மலேரியாக் கூட்டு மாத்திரைதான் இதற்குப் பேர்போனது. மருந்துகளின் தர விதிகளைத் தொகுக்கும் அமெரிக்க மருந்துநூலின்படி 30 நிமிடத்தில் இரண்டு மருந்திலும் குறைந்தது 60 விழுக்காடு கரைய வேண்டும். ஆப்பிரிக்காவில் கடைகளிலிருந்து எடுத்த மாதிரிகளில், உள்ளே மருந்தின் அளவு சரியாக இருந்தும் பைரிமெத்தமின் கரையாமல் தோற்றவை திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கின்றன. அழுத்தம் கூடிப்போன மாத்திரை, பெரிய படிகமாகவே விட்டுவிட்ட மூலமருந்து, மட்டமான பிணைப்புப் பசை என்று காரணம் பலவாக இருக்கும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் அந்த மருந்து குடல் வழியே வெளியே போய்விடும்.

ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உள்ளே இருப்பது என்ன? எவ்வளவு இருக்கிறது? வெளியே வருகிறதா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குப் பொருத்தினால் ஏமாறுவோம்.

போலி மாத்திரை சாப்பிட்டாலும் காய்ச்சல் இறங்கிவிடுமாமே? அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?
*வாசகர், ராமேஸ்வரம்*

இறங்கும். அதற்காகவே உள்ளே பாராசிட்டமால் வைத்திருப்பார்கள். தென்கிழக்கு ஆசியாவில் நடந்ததைச் சொன்னால் தெளிவாகப் புரியும்.

தொண்ணூறுகளின் இறுதியில் கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் ஆர்ட்டிசுனேட்தான் உயிர்காக்கும் மருந்து. விலையும் அதிகம், கிராக்கியும் அதிகம். 1999–2000-ல் அந்த ஐந்து நாட்டுக் கடைகளில் வாங்கிப் பார்த்தபோது 38 விழுக்காடு அட்டைகளில் ஆர்ட்டிசுனேட்டே இல்லை. சில ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசமானது. 2005-ல் இன்டர்போலும் உலக சுகாதார நிறுவனமும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ‘ஆபரேஷன் ஜூபிடர்’ என்ற பெயரில் இறங்கினார்கள். 391 மாதிரிகளில் 195 போலி.

அசல் அட்டையில் ஒளிரும் ஹாலோகிராம் முத்திரை இருந்தது. போலிக்காரர்கள் அதையும் செய்தார்கள். முதலில் ஹாலோகிராம் மாதிரி தெரியும் வெறும் ஸ்டிக்கர், பிறகு அசலுக்குச் சவால் விடும் ஹாலோகிராம். பத்துக்கும் மேற்பட்ட போலி வகைகளை எண் போட்டுப் பட்டியலிட வேண்டியிருந்தது. ‘முத்திரை இருந்தால் வாங்கு’ என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிரசாரமே போலிக்கு விளம்பரமாகிவிட்டது. கியூஆர் குறியீட்டை அளவோடு நம்புங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

மாத்திரைக்குள் பாராசிட்டமால், குளோரோகுயின், எரித்ரோமைசின், பல நாடுகளில் தடை செய்யப்பட்ட மெட்டமிசோல், போதைமாத்திரை செய்ய உதவும் சாஃப்ரோல்கூட இருந்தன. இடத்தைக் கண்டுபிடித்த விதம் இன்னும் சுவாரசியம். மாத்திரையை நிரப்பப் பயன்படுத்திய கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமும், தயாரிக்கும் இடத்தில் காற்றோடு வந்து மாவில் ஒட்டிக்கொண்ட மகரந்தத் துகள்களும் தென் சீனப் பகுதியைச் சுட்டின. அந்தத் தடயத்தைத் தொடர்ந்து சீனாவில் கைதுகள் நடந்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 2005-ல் கிழக்கு மியான்மரில் 23 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் ஆர்ட்டிசுனேட் கொடுத்தும் இறந்தார். அந்த மாத்திரையைப் பிறகு பரிசோதித்தார்கள். பெரும்பகுதி பாராசிட்டமால், கூடவே ஆர்ட்டிசுனேட்டும் இருந்தது. 50 மி.கி. இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 10 மி.கி. ஏன் அந்தச் சிட்டிகை? களத்தில் அப்போது சாயச் சோதனை ஒன்று புழக்கத்தில் இருந்தது. மாத்திரையிலிருந்து துளி சுரண்டி, காரத்தில் ஊறவைத்து, அமிலம் சேர்த்து, ஃபாஸ்ட் ரெட் என்ற சாயத்தைக் கலந்தால், ஆர்ட்டிசுனேட் இருக்கிற கரைசல் மஞ்சளாகும். இல்லாதது நிறம் மாறாது. இருக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்லும் சோதனை அது. கொஞ்சம் போட்டுவைத்தால் அதை ஏமாற்றிவிடலாம்.

அந்தக் கொஞ்சம் இன்னொரு கேட்டையும் செய்யும். அரைகுறை அளவில் மருந்து பட்ட ஒட்டுண்ணிகளில் வலியவை தப்பிப் பெருகும். ஒன்றுமே இல்லாத போலி அந்த ஒரு நோயாளியைத்தான் கெடுக்கிறது. அரைகுறை மாத்திரை மருந்தையே கெடுக்கிறது.

ஆகவே காய்ச்சல் இறங்கியதை வைத்து மருந்தை மதிப்பிடாதீர்கள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைதான் சாட்சி.

பரிசோதனைக்கூடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில் வழியே இல்லையா?
*பி.ஃபார்ம். மாணவி, மதுரை*

இருக்கிறது. ஜெர்மனியின் ஜி.பி.எச்.எஃப். அமைப்பு உருவாக்கிய மினிலேப் என்ற பெட்டி பல நாடுகளின் சுகாதார நிலையங்களில் இருபது ஆண்டுக்கும் மேலாக ஓடுகிறது. முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு தண்ணீரில் உதிர்வது, மூன்றாவதாக டி.எல்.சி. என்கிற மெல்லடுக்குப் பிரிகை. கடைசிதான் முக்கியம்.

ஐந்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் சிலிக்கா பூசிய தகடு. அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் பென்சிலால் ஒரு கோடு. பேனா கூடாது, மையும் சேர்ந்து மேலே ஓடும். மாத்திரையைப் பொடித்துக் கரைப்பானில் கரைத்து, தெளிந்ததை நுண்குழாயால் எடுத்து, கோட்டின் மேல் இரண்டு மைக்ரோலிட்டர் பொட்டு வைக்க வேண்டும். பக்கத்திலேயே தரம் தெரிந்த மருந்தின் பொட்டு இரண்டு: ஒன்று 100 விழுக்காட்டு அடர்த்தியில், இன்னொன்று 80-ல். தகட்டைக் கரைப்பான் ஊற்றிய கண்ணாடிச் சாடியில் நிறுத்தினால், திரி எண்ணெயை இழுப்பது போலத் தகடு கரைப்பானை மேலே இழுக்கும். ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். முக்கால் உயரம் ஏறியதும் எடுத்து உலர்த்தி, புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். பச்சையாக ஒளிரும் தகட்டில் மருந்து கரும்பொட்டாகத் தெரியும். உயரம் ஒத்துப்போனால் மருந்து அதுதான். பொட்டின் அளவும் கருமையும் 100-க்கும் 80-க்கும் நடுவே இருந்தால் அளவும் ஏறத்தாழச் சரி.

தவறுகள் எங்கே வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாடியில் வடிதாள் சுற்றிக் கால் மணி நேரம் மூடிவைக்காமல் தகட்டை இறக்கினால் பொட்டுகள் பிறை மாதிரி வளையும், ஓரத்தில் உள்ளவை உயரமாக ஓடும். கரைப்பான் மட்டம் பென்சில் கோட்டுக்கு மேலே இருந்தால் பொட்டு சாடிக்குள்ளேயே கரைந்துபோகும், தகடு வெறுமையாக வரும். கையிருப்பில் உள்ள ஒப்பீட்டு மருந்து காலாவதியாகி 100 என்று எழுதியது 85 ஆகியிருந்தால், மட்டமான மாத்திரைகூடத் தேறிவிடும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: ஆர்ட்டிசுனேட்டும் ஆர்ட்டிமீதரும் புற ஊதாவில் தெரியாது. அந்தக் கதிரை விழுங்கும் அமைப்பு அவற்றின் மூலக்கூறில் இல்லை. தகடு வெறுமையாக இருக்கிறதே என்று ‘போலி’ எழுதிவிடாமல், சாயமோ அமிலமோ தெளித்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும்.

டி.எல்.சி.யின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். 85-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் சொல்லாது. பெரும்பாலான மாத்திரைகளுக்கு மருந்துநூல் கேட்பது 90-லிருந்து 110 விழுக்காடு. அந்தக் கணக்கை, மருந்தைப் பிரித்துத் துல்லியமாக அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரம்தான் தீர்க்கும். அங்கேயும் ஆர்ட்டிமீதருக்கு 210 நானோமீட்டர் அருகே போனால்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். அந்த அலைநீளத்தில் கரைப்பானில் இருக்கும் சிறு அழுக்கும் கோபுரமாகத் தெரியும் என்பதால், அன்று வடித்த சுத்த நீர், நல்ல தர அசிட்டோநைட்ரைல் இரண்டிலும் கஞ்சத்தனம் உதவாது.

லேசர் ஒளியைப் பாய்ச்சி மருந்தை அடையாளம் காணும் கையடக்க ராமன் கருவி விரைவானது. மாத்திரையை உடைக்கவும் வேண்டாம், தெளிவான பிளாஸ்டிக் அட்டை வழியாகவே படிக்கும். ஆனால் அலுமினிய அட்டையைத் துளைக்காது. ஒவ்வொரு நிறுவனத்தின் அசல் மாத்திரையையும் முன்பே அதற்குக் காட்டி வைத்திருக்க வேண்டும்.

சந்தேகப்பட்ட மாத்திரையைச் சாதாரண ஆள் பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா? என்னிடம் மீதி இரண்டு மாத்திரை இருக்கிறது.
*வாசகர், தூத்துக்குடி*

முடியும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் 26-வது பிரிவு அந்த உரிமையை வாங்கியவருக்கே கொடுக்கிறது. படிவம் 14-ஏ நிரப்பிக் கட்டணம் கட்டினால், அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும் கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் இரண்டு மாத்திரை போதாது. கணக்குப் பாருங்கள்: எடைச் சீர்மைக்கு 20 மாத்திரை. அதையே பொடித்து அளவு பார்ப்பார்கள். உதிர்வுக்கு 6, கரைவுக்கு 6. இதுவே 32. முதல் சுற்றில் இழுபறியானால் மறுசுற்றுக்கும் வேண்டும். எத்தனை வேண்டும் என்று கூடத்தில் முன்கூட்டியே கேட்டு, அதே பேட்சில் பிரிக்காத அட்டைகளை, பில்லோடு கொண்டுபோங்கள். பிரித்த அட்டை, டப்பாவில் கொட்டியது, ஈரம் பட்டது எதுவும் வேண்டாம். அது தோற்றாலும் உங்கள் வீட்டில் கெட்டதாகக் கடைக்காரர் சொல்வார், அதற்குப் பதிலும் இருக்காது.

செலவு வேண்டாம் என்றால் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கடையின் பெயர், வாங்கிய தேதி, மருந்து, பேட்ச் எண், சந்தேகத்துக்குக் காரணம், இவ்வளவு போதும். வழக்கு வரை போக வேண்டுமானால் அவர் எடுக்கும் மாதிரிதான் உறுதியாக நிற்கும். அவர் விலை கொடுத்து வாங்கி, படிவம் 17 கொடுத்து, கடைக்காரர் கண்ணெதிரில் நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். ஒன்று கடைக்காரருக்கே, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று கடைக்காரருக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு. அறிக்கையை ஏற்காதவர் 28 நாளுக்குள் எழுதித் தெரிவித்தால், நீதிமன்றத்தில் உள்ள பங்கு கொல்கத்தா மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகலாம். அங்கே சொல்வதுதான் முடிவு. இந்த நான்கு பங்கு ஏற்பாடு சுற்றிவளைப்பாகத் தோன்றும். ஒரே பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தை எதிர்த்து வாதாடிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

இரண்டு மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையோடு வைத்திருங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

‘தரமற்ற மருந்துகள்’ என்று மாதாமாதம் செய்தியில் பட்டியல் வருகிறது. அவையெல்லாம் போலியா?
*வாசகி, திருச்சி*

இல்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அந்தப் பட்டியல் குறிப்பிட்ட பேட்ச் ஒன்று ஒரு சோதனையில் தோற்றதைச் சொல்கிறது. எந்தச் சோதனையில் தோற்றது என்ற குறிப்பைப் படியுங்கள். ‘விவரச்சீட்டுக் குறை’ (அட்டையில் அச்சிட்ட விவரத்தில் தவறு) என்பதற்கும் ‘மருந்தே இல்லை’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அசல் நிறுவனம் ஒழுங்காகச் செய்யாதது தரமற்றது. வேறொருவர் பெயரைத் திருடிச் செய்வது போலி, சட்டத்தின் 17-பி பிரிவில் வரும். நல்லதாகப் புறப்பட்டு வழியில் வெயிலிலும் ஈரத்திலும் கெட்டது மூன்றாவது வகை. உங்கள் கையில் இருப்பது அதே பேட்ச் எண் என்றால்தான் கவலை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பதறி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

என் தம்பி நைஜீரியாவில் வேலைக்குப் போகிறான். அங்கே மலேரியா சகஜமாம், போலி மாத்திரையும் சகஜமாமே?
*வாசகர், திருநெல்வேலி*

போவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் ஆரம்பித்து, திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். அந்த நான்கு வாரத்தைத்தான் எல்லோரும் விடுவார்கள். காய்ச்சல் வந்தால் சாப்பிட ஒரு முழு அளவு ஆர்ட்டிமீதர்–லூமிஃபான்ட்ரினையும் மருத்துவச் சீட்டோடு இங்கிருந்தே எடுத்துப் போவது பற்றிக் கேளுங்கள். 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 20/120 மாத்திரை (ஆர்ட்டிமீதர் 20, லூமிஃபான்ட்ரின் 120 மி.கி.) வேளைக்கு நான்கு, ஆறு வேளை, ஆக 24. வெறும் வயிற்றில் கூடாது. கொழுப்பு இல்லாமல் லூமிஃபான்ட்ரின் உடம்பில் ஏறாது, ஒரு டம்ளர் பாலாவது வேண்டும். அசல் மாத்திரையைக் கறுப்புத் தேநீரோடு விழுங்கிவிட்டுப் ‘போலி’ என்று சொல்பவர்கள் உண்டு.

அங்கே வாங்க நேர்ந்தால் சந்தைத் தட்டிலோ பேருந்திலோ வேண்டாம். உரிமம் பெற்ற மருந்தகம்தான். அட்டையில் நைஜீரிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கின் பதிவு எண் இருக்க வேண்டும். 2010-ல் அந்த அமைப்பு தொடங்கிய முறைப்படி, பெட்டியில் உள்ள பட்டையைச் சுரண்டினால் வரும் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிச் சரிபார்க்கலாம். அனுப்ப வேண்டிய எண்ணைப் பெட்டியைப் பார்த்து எடுக்காமல், மருந்தகத்தில் கேட்டோ நாஃப்டாக் அறிவிப்பிலோ தெரிந்துகொள்ளட்டும். போலிப் பெட்டி அச்சடிக்கிறவருக்குத் தன் சொந்த எண்ணை அச்சடிப்பது ஒரு வேலையா?

ஆர்ட்டிசுனேட் ஊசி மருந்தைக் கலக்கும்போது சில குப்பிகள் தெளியாமல் பால் மாதிரி நிற்கின்றன. குப்பி கெட்டதா?
*செவிலியர், ராமநாதபுரம்*

முதலில் எதில் கலக்கினீர்கள் என்று பாருங்கள். 60 மி.கி. பொடிக்கு உடன் வரும் 5 விழுக்காடு சோடியம் பைகார்பனேட் 1 மி.லி.தான் முதலில் சேர வேண்டும். அந்தச் சின்ன ஆம்பியூல் உடைந்தோ தொலைந்தோ போனால் ஊசிநீரில் கலக்கிவிடுவது நடக்கிறது. அமிலத்தன்மை உள்ள அந்தப் பொடி வெறும் நீரில் சரியாகக் கரையாது, வெள்ளையாகவே நிற்கும். மருந்தின் மேல் பழி வரும்.

பைகார்பனேட் சேர்த்ததும் குமிழி வரும். இரண்டு மூன்று நிமிடம் குலுக்கினால் கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும். குப்பிக்குள் சேர்ந்த காற்றை ஊசியால் வெளியேற்றிவிட்டு, நரம்பில் போடுவதற்கு உப்புநீர் 5 மி.லி. சேர்த்தால் மொத்தம் 6 மி.லி., மி.லி.க்கு 10 மி.கி. தசையில் போடுவதென்றால் 2 மி.லி. சேர்த்து மி.லி.க்கு 20. காற்றை வெளியேற்றாவிட்டால் அழுத்தம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அளவு தவறும். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தெளியவில்லை என்றால் அதைப் போடாதீர்கள். வேறு பேட்ச் குப்பியை எடுத்து நோயாளிக்கு உடனே கொடுங்கள். கடுமையான மலேரியாவில் காத்திருக்க நேரம் கிடையாது. தெளியாத குப்பியைக் கழுவாமல், பைகார்பனேட் ஆம்பியூலோடும் பெட்டியோடும் சேர்த்து உறையிலிட்டு, இரண்டின் பேட்ச் எண்ணையும் எழுதி மருந்துக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சில நேரம் பொடி நன்றாக இருக்கும், ஆம்பியூல்தான் காலாவதியாகியிருக்கும். மருந்து வேலை செய்யாமை, பக்கவிளைவு இரண்டையும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-லும் பதியலாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கிழமை எழுதிய டப்பாவில் போட்டு வைக்கிறேன். தவறா?
*வாசகி, கும்பகோணம்*

ரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு வாரம் போட்டு வைக்கலாம். ஆர்ட்டிசுனேட்டுக்கு வேண்டாம். ஈரம் பட்டால் அது உடைந்து வேறொன்றாக மாறும், அதுவும் சூட்டில் நிலைக்காது. அதனால்தான் இரு பக்கமும் அலுமினிய அட்டையில் அடைக்கிறார்கள். சாப்பிடும் நேரத்தில் பிரியுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு, வெயிலில் நிற்கும் காரின் முன்பெட்டி, அடுப்படி அலமாரி மூன்றும் கூடாது. 30 டிகிரிக்குக் கீழே, உலர்ந்த இடம் போதும். காலாவதி 06/2026 என்று இருந்தால் அந்த ஜூன் கடைசி நாள் வரை.